முத்து நிறையாத மூன்றாம் நாள்

நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டு, வயிற்றில் இரண்டு சிவப்புப் புள்ளி தெரிந்தால், அடுத்த வேலை ரத்தினம்மாளுக்கு ஆள் அனுப்புவதுதான். அவளும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வருவாள். சாமை தூற்றிக்கொண்டிருந்தால் முறத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவாள். வந்த சுருக்கில் பிள்ளையைத் தொடமாட்டாள். வாசலில் கால் கழுவி, உள்ளே வந்து உட்கார்ந்து, சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். "தாயி வந்துகீறா" என்றால் வந்திருக்கிறாள். "வேர்க்குரு, போய்க் குளிப்பாட்டு" என்றால் வேர்க்குருதான். நாற்பத்தெட்டு வயதில் முப்பது வருஷமாக இதைச் செய்கிறாள். அவள் வாக்கு பொய்த்தது என்று மலையில் ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் வந்தது, அவளோ சொல்ல இல்லாமல் போய்விட்டாள்.

இந்த வேலை அவளுக்கு வந்தது அவள் முகத்தால். பன்னிரண்டு வயதில் அம்மை வந்து, பிழைப்பாளா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கன்னமெல்லாம் குழியோடு எழுந்து உட்கார்ந்தவள் அவள். தாயை உடம்பில் சுமந்து மீண்டவள், ஆகவே எந்த வீட்டுக்குள்ளும் பயமில்லாமல் போகலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவளைப் பெற்றவள் பிரசவத்தில் போனாள். அப்போது தங்கை சுந்தரம்மாளுக்கு நாலு வயது. அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் ரத்தினம்மாள் வீடு வீடாகப் போய் வேப்பிலை வீசினாள். சுந்தரத்துக்கே ஒன்பது வயதில் அம்மை கண்டபோது இருபது நாள் தூங்காமல் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கட்டிய தாண்டவராயன் வருஷத்தில் பத்து மாதம் குடகுக் காப்பித் தோட்டத்தில் கிடப்பான். யார் கேட்டாலும், எனக்கு ஒரு மகள், பெயர் சுந்தரம் என்பாள்.

தாயி வந்த வீட்டுக்கு விதிகள் உண்டு. வாசலில் வேப்பிலை கட்டவேண்டும். அடுப்பில் எண்ணெய் காயக்கூடாது, தாளிக்கக்கூடாது. ஆசுபத்திரி மருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது. வீட்டு ஆட்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. முத்தை அமுக்கிப் பார்க்கக்கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்தபின், "வந்த வழி பாத்துப் போய்ட்டு வா தாயே" என்று ரத்தினம்மாள் எல்லைவரை நடந்து வழியனுப்புவாள். ஒருவேளை உயிர் போய்விட்டால் செத்தார் என்று சொல்லக்கூடாது. தாயி கூட்டிக்கொண்டாள் என்றே சொல்லவேண்டும். அழக்கூடாது, மேளம் கூடாது, பதினாறாம் நாள் காரியம் கூடாது. கூட்டிக்கொண்டு போனவள் மனம் புண்படும். கடைசி விதியை மட்டும் ரத்தினம்மாள் தன் காலத்தில் நடத்தியதே இல்லை. இந்தக் காலத்து அம்மையில் யார் செத்தார்கள், நடத்துவதற்கு?

இதை வைத்து அவளை மருந்து மாத்திரை அறியாதவள் என்று எடைபோட்டுவிட வேண்டாம். அப்படி எடைபோடும் ஆட்கள் கீழே நிறையப் பேர் உண்டு, அவர்கள்மேல் எனக்குக் கோபமும் உண்டு. மலையில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை ஜீப்பில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனவள் அவள். போன வருஷம் மார்கழியில் ஓடையில் குளிக்கும்போது, "அக்கா, இங்க ஒரு கல்லு மாதிரி கீது" என்று சுந்தரம் இடது மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

"எத்தினி நாளா?"

"சாமை வெதைச்சப்போ இருந்து. வலி ஒண்ணும் இல்லக்கா. தானா போய்டும்."

"கெளம்பு" என்றாள் ரத்தினம்மாள். மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் புதூர்நாடு, அங்கிருந்து பஸ்ஸில் திருப்பத்தூர், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று தங்கையைக் கையோடு இழுத்துக்கொண்டு பெரிய ஆசுபத்திரிக்குப் போய்விட்டாள். சுந்தரத்தின் கணவன் கோபால்சாமி பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். புற்று என்றார்கள். முதலில் இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி, கட்டி சுருங்கியபிறகு ஆபரேஷன் என்றார்கள்.

மருந்து ஏற்றும் அறையில் ஜெனிலா என்று ஒரு நர்ஸ். அடிவாரத்துப் பெண், மேல்படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வாள். சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரத்தினம்மாள் கேட்டாள்:

"சிஸ்டர், இது உள்ள போய் இன்னா பண்ணும்? கட்டியை அறுத்துடுமா?"

"அறுக்காதுக்கா. சேதி சொல்லும்" என்றாள் ஜெனிலா.

"யாருக்கு?"

"நம்ம உடம்பே கண்ணுக்குத் தெரியாத செல்லுங்களால ஆனதுக்கா. ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு தோல் இருக்கு, கொழுப்பால ஆன தோல். கொழுப்புன்னா சதை போடுற கொழுப்பு மட்டும் இல்ல. இந்த மருந்து போனதும் அந்தத் தோல்ல இருக்கற ஒரு கொழுப்பு உடைஞ்சு இன்னொரு கொழுப்பா மாறும். செராமைடுன்னு பேரு. அதான் சேதி. உன் காலம் முடிஞ்சுது, கெளம்புன்னு சொல்ற சேதி. அது கெடைச்சா செல்லு தானா அடங்கிப் போய்டும். மருந்து வேலை செய்யற வழி இன்னும் உண்டு. இது அதுல ஒண்ணு."

"போக மாட்டேன்னா?"

"அதானே புத்து. போகச் சொன்னா போகாத செல்லு. சில செல்லு அந்தச் சேதிக் கொழுப்பையே வேற ஒண்ணா மாத்தி அமுக்கிடும். அதனாலதான் ஒரு ஊசியோட விடாம திரும்பத் திரும்பப் போடறோம்."

ரத்தினம்மாளுக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. வந்து குடியேறியதை அடித்து விரட்டாமல், சொல்லி அனுப்பும் வேலை. அவளே முப்பது வருஷமாகச் செய்யும் வேலை. "நம்ம வேலைதான்டி இது" என்று தங்கை காதில் சொன்னாள். சுந்தரம் சிரித்தாள்.

ஜெனிலா சிரிக்கவில்லை. "ஆனா ஒண்ணுக்கா. அந்தச் சேதிக்கு நல்ல செல்லு கெட்ட செல்லு தெரியாது. வேகமா வளர்ற எல்லாத்துக்கும் போய்ச் சேரும். முடி வேரு, வாயி, குடலு, எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடம். வாயி புண்ணாகும். ரத்தத்துல கிருமியோட சண்டை போடுற அணு கொறைஞ்சு போய்டும். ஊசி போட்ட பத்தாம் நாளு வாக்குல ரொம்பக் கொறையும். அப்ப காய்ச்சல் வந்துச்சுன்னா சாதாரணக் காய்ச்சல்னு விடக்கூடாது. எந்த நேரமா இருந்தாலும் அன்னிக்கே கெளம்பி வரணும்." ஒரு தெர்மாமீட்டர் கொடுத்தாள். நூறைத் தாண்டினால் கிளம்பவேண்டும் என்று எண்ணைக் கட்டம் போட்டு அட்டையில் எழுதித் தந்தாள். முட்டை, வேர்க்கடலை, பருப்பு, எண்ணெய் எல்லாம் நன்றாகக் கொடுக்கவேண்டும் என்றும் அதே அட்டையில் எழுதினாள். சுந்தரத்தின் மகள் கலைவாணி திருப்பத்தூரில் கல்லூரி படிக்கிறவள். அவள் அந்த அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள்.

முதல் ஊசி தாண்டியது. முடி கொட்டியது. இரண்டாவதும் தாண்டியது. டாக்டர் கட்டியை அளந்து பார்த்து, பாதியாகிவிட்டது என்றார். அன்றைக்குத் திரும்பிவரும் ஜீப்பில் சுந்தரம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மூன்றாவது ஊசி மாசிக் கடைசியில், மலையில் புளி உலுக்கும் நேரத்தில்.

அந்தப் பங்குனியில் ஊரில் அம்மை கண்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு ரத்தினம்மாள் தண்ணீர் ஊற்றி வழியனுப்பிவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஊசி போட்ட பத்தாம் நாள் காலையில் கலைவாணி ஓடிவந்தாள். "பெரிம்மா, அம்மாவுக்கு ஒடம்பு கொதிக்குது. காலெல்லாம் புள்ளி புள்ளியா கீது."

ரத்தினம்மாள் போனாள். கால் கழுவினாள். உட்கார்ந்தாள். சுந்தரத்தின் முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள், கடுகு இறைத்தாற்போல. கழுத்தோரம் நாலைந்து. வாய் திறந்தால் உள்ளே புண். தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு. எத்தனையோ வீடுகளில் பார்த்ததைத்தான் அங்கேயும் பார்த்தாள்.

"தாயி வந்துகீறா" என்றாள்.

"அதுக்குதான் சின்னதுலயே வந்து போச்சே அக்கா. திரும்ப எப்பிடி வரும்?" என்றான் கோபால்சாமி. அவன் கேட்டது சரியான கேள்வி.

"மருந்து ஏத்துன ஒடம்பு தம்பி. பழசெல்லாம் போய்ப் புதுசா ஊறுது. புது ஒடம்புக்குப் புதுசா வர்றா" என்றாள் அவள். ஜெனிலா சொன்னதை வைத்தே இப்படி ஒரு காரணம் அவள் வாயில் வந்து நின்றது. கெட்டிக்காரர்கள் தப்புச் செய்யும்போது காரணத்துக்குப் பஞ்சமே இருப்பதில்லை. வேப்பிலை கட்டியாயிற்று. தெர்மாமீட்டர் பரண்மேல் சாமைப் பானைக்குப் பின்னால் போயிற்று. அட்டை சுவரில் இருந்தபடியே இருந்தது, யாரும் அதைப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் ரத்தினம்மாள் புள்ளிகளைப் பார்த்தாள். தாயின் முத்து மூன்றாம் நாள் நீர் கோத்து மினுங்கும். வெயிலில் பிடித்தால் உள்ளே நீர் தெரியும். சுந்தரத்தின் புள்ளி ஒன்றுகூட நிறையவில்லை. தட்டையாக, கொஞ்சம் ஊதா நிறமாக, அப்படியே கிடந்தன. முப்பது வருஷத்தில் எந்த உடம்பிலும் இப்படிப் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய வேப்பிலையைத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்ப்பது தாயை வாசலில் வைத்து அவமதிப்பது. அவிழ்த்தபிறகு அது தாயாகவே இருந்துவிட்டால்? முத்து உள்ளேயே நிற்கிறது, கோபமான தாய், கொஞ்சம் தாமதிப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கொத்து வேப்பிலையைப் பாய்க்கு அடியில் போட்டாள்.

ஐந்தாம் நாள் சுந்தரத்துக்குப் பேச்சு குழறியது. கோபால்சாமி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல், மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஆனந்தன் ஜீப்பு கீழ போகுது. சொல்லட்டுமா?"

ரத்தினம்மாள் பாயில் கிடந்த தங்கையைப் பார்த்தாள். சொல் என்று வாய்வரை வந்தது.

"எல்லை தாண்டுனா வழியிலயே கூட்டிக்குவா. நாளைக்கு ரெண்டாந்தண்ணி ஊத்திட்டுப் பாக்கலாம்" என்றாள்.

ஜீப் போய்விட்டது. ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் சுந்தரம் போய்விட்டாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள், கொடுத்ததை விழுங்கவில்லை. அவ்வளவுதான்.

கலைவாணி வாயைத் திறந்தாள். சத்தம் கிளம்புவதற்குள் ரத்தினம்மாள் எழுந்து தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். "அழாத. தாயி கோச்சுக்குவா" என்றாள். பிள்ளையின் மூச்சு அவள் கையில் சுட்டது. மஞ்சள் துணி போர்த்தி, வேப்பிலை பரப்பி, மேளமில்லாமல், ஒப்பாரியில்லாமல், ஓடைப்பக்கம் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கொடுத்துவைத்தவள், தாயே வந்து கூட்டிக்கொண்டு போனாள் என்று ஊர் சொன்னது. பதினாறாம் நாள் எல்லா நாளையும்போல் விடிந்து எல்லா நாளையும்போல் இருட்டியது.

கோபால்சாமிக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகத்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் விளக்கேற்றினான், புளி உலுக்கப் போனான். கலைவாணி கல்லூரிக்குத் திரும்பவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சொன்ன வேலையைச் செய்வாள். அடுப்பில் எண்ணெய் மட்டும் வைக்கமாட்டாள். விதி முடிந்துவிட்டது, தாளிக்கலாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. ஒரு மாதம் மூவரும் வெறும் களியும் உப்புப்போட்ட கீரையும் தின்றார்கள்.

முப்பத்தேழாம் நாள் கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில், கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கலைவாணி கேட்டாள்:

"பெரிம்மா, விதியை ஒருத்தரு மீறுனா தாயி யார்மேல கோச்சுக்குவா? மீறுனவங்க மேலயா, படுத்திருக்கவங்க மேலயா?"

"ஏன்டி கேக்கற?"

"நாலாம் நாளு நீங்க தண்ணி மொள்ளப் போனீங்க. அம்மா பசிக்குதுன்னு சொல்லிச்சு. அட்டையில முட்டை குடுக்கச் சொல்லி எழுதியிருந்துது. எண்ணெ ஊத்தி ஒரு முட்டை பொரிச்சுக் குடுத்தேன். ரெண்டு வாயி தின்னுச்சு. நல்லாகீதுன்னு சொல்லிச்சு." அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "மூணே நாளுல கூட்டிக்கிட்டா. நாந்தானே பெரிம்மா?"

இல்லை என்று சொல்ல ரத்தினம்மாளுக்கு வாய் வரவில்லை. அவள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த விதிப்படி, ஆம், இந்தப் பிள்ளைதான். அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் தாயின் உடம்பு எரியும் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறாள். இப்போது அது உனக்கில்லை என்று எதை வைத்துச் சொல்வாள்? அந்த மூன்றாம் நாள் மட்டும் அவள் கண்முன் வந்து நின்றது. நிறையாத புள்ளிகள்.

"இரு. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

யாரிடம் கேட்கப் போகிறாள் என்று பிள்ளை கேட்கவில்லை. கோயிலுக்கு என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் ரத்தினம்மாள் சுந்தரத்தின் ஆசுபத்திரி ஃபைலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனியாக ஜீப் ஏறினாள். ஜெனிலா அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "எத்தினி வாட்டி போன் பண்ணேன்க்கா. லைனே போகல. நாலாவது ஊசிக்கு ஏன் வரல? எங்க அவங்க?"

"தாயி கூட்டிக்கிட்டா."

ஜெனிலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். எத்தனையாம் நாள் காய்ச்சல் என்று கேட்டாள். பத்தாம் நாள். புள்ளி எங்கே? முட்டிக்குக் கீழே. அமுக்கினால் மறைந்ததா?

"நாங்க அமுக்க மாட்டோம் சிஸ்டர்."

"தண்ணி கோத்துச்சா?"

"இல்ல" என்றாள் ரத்தினம்மாள். "மூணாம் நாளு பாத்தேன். கோக்கல. எனக்குத் தெரியும், கோக்கணும்."

ஜெனிலா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தச் சேதி எலும்புக்குள்ளும் போயிருக்கிறது. ரத்தம் உறையவைக்கும் அணு குறைந்தால் தோலுக்கு அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். சண்டைபோடும் அணு குறைந்ததால் கிருமி புகுந்து காய்ச்சல். அம்மையாக இருந்தால் முத்து நீர் கோத்திருக்கும். "எலும்புக்குள்ள திரும்ப ஊறிடும்க்கா. ஒரு வாரம் பத்து நாள். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணும். அதுக்குத்தான் இங்க வரச் சொல்றது. ஊசி மேல ஊசி போட்டுத் தாக்குப்பிடிக்க வெப்போம்."

"அன்னிக்கே வந்திருந்தா?"

"எல்லாரும் பொழைக்கறதில்ல."

"கேட்டதுக்குச் சொல்லும்மா."

"நெறையப் பேரு பொழைச்சுப் போறாங்க" என்றாள் ஜெனிலா.

"அஞ்சாம் நாளு வந்திருந்தா?"

ஜெனிலா மஞ்சள் பையிலிருந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரத்தினம்மாள் வேறொன்று கேட்டாள். எண்ணெயில் பொரித்த முட்டை தின்றால் ஏதாவது ஆகுமா? ஜெனிலா நிமிர்ந்து பார்த்தாள். "நாந்தானேக்கா குடுக்கச் சொல்லி எழுதினேன். அது ஒண்ணுதான் அந்த ஏழு நாளுல அவங்களுக்கு நல்லது பண்ணியிருக்கும்." பிறகு ஃபைலைத் திறந்து, மூன்றாவது ஊசிக்கு முன் டாக்டர் அளந்து எழுதியதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடப்போனாள்.

"இன்னா எழுதிகீது?"

"கட்டி இன்னும் சுருங்கியிருக்கு" என்றாள் ஜெனிலா. "சேதியை அது கேட்டுச்சுக்கா. நல்லாக் கேட்டுச்சு."

ரத்தினம்மாள் திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், புதூர்நாட்டில் இறங்கினாள், ஆனந்தன் ஜீப்பில் முன்சீட்டில் இடம் கொடுத்தான். தாயம்மா வந்துட்டாங்க, நகருங்க என்று முன்னால் இருந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கோயிலில் கேட்டேன், முட்டைக்காகத் தாயி கோபிக்கவில்லையாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம். பிள்ளை நம்பும். ஊரும் ஊராக இருக்கும், கோபால்சாமி விளக்கேற்றிக்கொண்டே இருப்பான், அடுத்த அம்மைக்கு இவளுக்கே ஆள் வரும். ஒரு பொய்தான். அதைச் சொல்லியிருந்தால் அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுந்தரம் சும்மா போனவளாகிவிடுவாளே என்று அவளுக்குத் தோன்றியது. கட்டி சுருங்கியிருந்தது. பிழைக்க இருந்தவள். பிழைக்க இருந்த ஒருத்தியை யாரும் அழாமல், செத்தாள் என்றுகூடச் சொல்லாமல், ஓடைப்பக்கம் வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறார்கள்.

கோபால்சாமி வீட்டு வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தது. அவன் கொட்டை தட்டிக்கொண்டிருந்தான், கலைவாணி கோது உரித்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. ரத்தினம்மாள் கால் கழுவவில்லை. வாசலிலேயே, மண்ணில் உட்கார்ந்தாள்.

"அது தாயி இல்ல" என்றாள்.

கோபால்சாமி தட்டுவதை நிறுத்தினான்.

"ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வர்றேன். அது அம்மை இல்ல. மருந்தால ரத்தம் கொறைஞ்சு வந்த காய்ச்சல். சிஸ்டர் அப்பவே சொல்லுச்சு, காய்ச்சல் வந்தா அன்னிக்கே கூட்டினு வான்னு. நானும் கேட்டுனுதான் இருந்தேன். மூணாம் நாளு முத்து நெறையல. அதையும் பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்." கலைவாணி பக்கம் திரும்பினாள். "முட்டை ஒண்ணும் பண்ணல கண்ணு. அது அவளுக்கு நல்லதுதான் பண்ணுச்சாம். நீ இல்ல. நான். கட்டி சுருங்கிப்போய் இருந்துதாம். பொழைச்சிருப்பா."

கோபால்சாமி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். அவன் ஒருநாளும் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அஞ்சாம் நாளு நான் கேட்டேனே அக்கா" என்றான். "ஜீப்பு போகுது, சொல்லட்டுமான்னு கேட்டேனே."

"கேட்ட தம்பி."

"நிக்கவெச்சுட்டுத்தான் வந்து கேட்டேன்."

"தெரியும்" என்றாள் ரத்தினம்மாள்.

கலைவாணி எழுந்தாள். புளிக்கோது மடியிலிருந்து உதிர்ந்தது. பெரியம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலில் நாற்பது நாளுக்கும் மேலாகக் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்த வேப்பிலைச் சரத்தைப் பிடித்து இழுத்து அறுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளே அம்மா படுத்திருந்த மூலைக்குப் போயிருப்பாள். அங்கிருந்து முதலில் சின்னதாக ஒரு சத்தம், மூச்சுத் திணறல்போல. அப்புறம் அது வெடித்தது. "எம்மா" என்று அந்தப் பிள்ளை எடுத்த குரல் எதிர்ச்சரிவு வரைக்கும் கேட்டிருக்கும். கோபால்சாமி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது.

உள்ளே போய்ப் பிள்ளையை அணைத்துக்கொள்ளத் துடித்தாள் ரத்தினம்மாள். எழவும் எழுந்தாள். அந்த வாயைப் பொத்தியது இந்தக் கைதான் என்ற நினைப்பு வந்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். மங்கம்மாள் கையில் அகப்பையோடு வந்தாள். ராணியம்மாள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வந்தாள். இழவு விழுந்த வீட்டுச் சத்தம் எது என்று அவர்களுக்குத் தெரியாதா? "இன்னாச்சு? யாருக்கு இன்னாச்சு?" என்று வாசலில் நின்றவளைப் பிடித்து உலுக்கினார்கள்.

ரத்தினம்மாள் அவர்களைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த முகம் எந்த வீட்டிலும் அழுததில்லை. குழி விழுந்த அந்தக் கன்னங்களில் இப்போது கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எந்தங்கச்சி செத்துப்போய்ட்டாடி" என்றாள்.